பேசாதவர் வரிசை

அவளுடைய அண்ணனுக்கு ஹாரன் என்று பெயர் வைத்தது லாரி ஷெட்டில். வண்டியில் ஹாரன் வேலை செய்யாவிட்டாலும் கவலையில்லை, இவர் தலையை வெளியே நீட்டி ஒரு சத்தம் போட்டால் எதிரே வருகிறவன் ஒதுங்கிவிடுவான் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்ட பிறகும் அது போகவில்லை. யாராவது மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டால், முதலில் சிரிப்பவர் அவர்தான். சிரிப்பில் சத்தம் இருக்காது. தோள் குலுங்கும், கழுத்தடியில் வைத்திருக்கும் துளை வழியாகக் காற்று சீறும்.

கல்யாணம் கட்டாத மனிதர். ஆபரேஷனுக்குப் பிறகு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தங்கையும் அவள் புருஷனும் காலையில் கிளம்பிப் போனால், பாலர் பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டி வருவது, சோறு ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குழந்தைக்கு மாமாவின் கைச்சாடை தாய்மொழி மாதிரி ஆகிவிட்டது. அவர் விரலை மடக்கினால் வாயைத் திறக்கும், புருவத்தைத் தூக்கினால் பொம்மையை எடுத்து வைக்கும். அம்மா சொன்னால் மட்டும் கேட்காது.

தங்கைக்கு கேஸ் கம்பெனியின் போன் மையத்தில் வேலை. வீடுகளுக்குக் குழாய் வழியாகச் சமையல் கேஸ் கொடுக்கிற கம்பெனி அது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசுகிற வேலையில்தான் அவள் ஆரம்பித்தாள். இப்போது, வருகிற அழைப்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழி போட்டுக் கொடுக்கிறவள். கம்பெனிக்குப் போன் செய்தால் முதலில் மனிதர் எடுப்பதில்லை. ஒரு பெண்குரல் எடுக்கும். எந்திரம்தான் என்றாலும் மையத்தில் எல்லோரும் அதை அம்மணி என்றுதான் சொல்வார்கள். என்ன வேண்டும் என்று அம்மணி கேட்பாள், கூப்பிட்டவர் வாயால் சொல்வார். பில் என்றால் ஒரு வரிசை, புது இணைப்பு என்றால் இன்னொரு வரிசை, கசிவு என்றால் அவசர வரிசை என்று அம்மணி தள்ளிவிடுவாள். எவ்வளவு நேரம் காது கொடுப்பது, புரியாவிட்டால் எத்தனை தடவை திரும்பக் கேட்பது, எப்போது போனை வைப்பது, இதையெல்லாம் அம்மணிக்குச் சொல்லிவைப்பது இவள். மையத்தில் இவளுக்கு ரூட்டக்கா என்று பெயர்.

முன்பெல்லாம் பேச வேண்டியதில்லை, எண்ணை அழுத்தினால் போதும். ஆனால் ஜனங்கள் கெட்டிக்காரர்கள். எந்த எண்ணை அழுத்தினால் சீக்கிரம் ஆள் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பில் விஷயமாகக் கூப்பிடுகிறவர்கூடக் கசிவுக்கான எண்ணை அழுத்திவிட்டு, "அப்பத்தானேம்மா எடுக்கறீங்க" என்பார். உண்மையிலேயே கேஸ் நாற்றம் அடிக்கிற வீட்டுக்காரர் அவருக்குப் பின்னால் நிற்பார். அதனால் எண்களையெல்லாம் எடுத்துவிட்டு, சொன்னால்தான் வழி என்று மாற்றினார்கள். மாற்றிக் கொடுத்தது ரூட்டக்கா. அவசர வரிசையில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குக் கேக் வாங்கிப் போனாள்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம் அது நடந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஹாரன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். துளை வழியாக மூச்சு விடுகிறவர்களுக்கு வாசனை சரியாகத் தெரியாது. அவருக்கே நாற்றம் தட்டியது என்றால் அது கொஞ்சநஞ்சமாக இருந்திருக்காது. அடுப்பைப் பார்த்தார், அணைந்திருந்தது. குழாய் வால்வை அடைத்தார், ஜன்னலைத் திறந்தார். நாற்றம் போகவில்லை, படிக்கட்டுப் பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபடியே தங்கைக்குச் செய்தி அனுப்பினார். மையத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாப்பிள்ளைக்கு அனுப்பினார். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக்; எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பிவடத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார், போன் கீழே பையில் கிடந்தது. அப்புறம் ஹாரன் கேஸ் கம்பெனிக்கே போன் போட்டார்.

பிறகு ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் சத்தம் எழுப்ப ஒரு டம்ளருமாக ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே இறங்கினார். கடைசித் திருப்பத்தில் கால் வழுக்கியது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே விழுந்ததில் மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள்தான் அவர் சாடையைப் புரிந்துகொண்டு, கம்பெனிக்குப் போன் செய்து வாயால் சொன்னாள். ஆட்கள் வந்து சுவரை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுவதற்காக உட்கார்ந்திருந்த அண்ணனிடம் அவள் ஓடி வந்து சேர்ந்தபோது, புருஷன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். அண்ணன் மடியில் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க," என்றான் புருஷன். குரலில் கோபம் இவன் பக்கம்தான் இருந்தது. "எங்களுக்கு மெசேஜ் போட்டீங்க, சரி. கம்பெனிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? அதுக்குத்தானே நம்பர் குடுத்திருக்கான்? தையல்காரம்மா வந்து சொல்ற வரைக்கும் வீடு பூரா கேஸ் ரொம்பிப்போச்சு."

ஹாரன் இடது கையால் போனை எடுத்தார், ஸ்பீக்கரைப் போட்டார், ஒரு எண்ணை அழுத்தி மூன்று பேருக்கும் நடுவில் நீட்டினார்.

"வணக்கம். உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று சொல்லுங்கள்," என்றாள் அம்மணி.

ஹாரன் வாயைத் திறந்தார். உதடு கசிவு, கசிவு என்று அசைந்தது. காற்று சீறியது.

"மன்னிக்கவும். உங்கள் குரல் கேட்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

அவர் ஒன்றை அழுத்தினார். எல்லா எண்களையும் மாற்றி மாற்றி அழுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மணி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உங்கள் குரல் கேட்கவில்லை. பிறகு அழைக்கவும். நன்றி."

போன் வைக்கப்பட்டது. அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று தங்கையே உட்கார்ந்து வைத்தது. அப்போது அது போதும் என்று தோன்றியிருந்தது. இங்கே நின்று கேட்கும்போது, மூச்சு இழுத்து விடுவதற்குள் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஹாரன் ஒற்றைக் கையால் தட்டித் தங்கையிடம் காட்டினார். "நீ செஞ்சதா?"

"ஆமாண்ணே."

மறுபடியும் தட்டினார். "நல்லாப் பேசுது. கேக்கத்தான் மாட்டேங்குது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு புருஷன் பொங்கிவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"நாளையிலேருந்து பாப்பா எங்க அக்கா வீட்ல இருக்கட்டும். நான் கொண்டுபோய் விட்டுட்டு வேலைக்குப் போறேன்."

"அவ்வளவு தூரம் எப்படிப் போகும் சின்னப் புள்ள? அண்ணன் இருக்காரே."

"இருக்காரு. ஒரு ஆபத்துன்னா யாரைக் கூப்பிடுவாரு? சொல்லு. கூப்பிட்டா எவன் எடுக்கறான்? எங்க லிஃப்ட்ல கூட ஒரு பட்டன் வச்சிருக்கோம். உள்ள மாட்டினவன் ஊமையா, பேசத் தெரிஞ்சவனான்னு அது கேக்காது. அழுத்தினா மணி அடிக்கும். உங்க கம்பெனியில அது கூட இல்ல."

ஊமை என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவனே நின்றுவிட்டான். ஹாரன் கூடத்தில்தான் இருந்தார். காது நன்றாகக் கேட்கும். எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தங்கையின் போனுக்குச் செய்தி வந்தது. "ஷெட்டுக்கே போயிடறேன். அங்க ஒரு ரூம் காலியா இருக்கு. மாப்பிள்ளை சொல்றது தப்பில்ல."

அவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கை கூடுற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது. ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு ஷெட்ல என்ன செய்வ?" என்றாள். "அப்புறம், எனக்கு ஒரு வேலை இருக்கு. அது முடியற வரைக்கும் நீ எனக்கு வேணும்."

என்ன வேலை என்று புருவத்தால் கேட்டார்.

"அம்மணிக்குக் காது வைக்கப் போறேன்."

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மையத்தின் ஜன்னல்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே ஏசி குளிர், வரிசை வரிசையாக ஹெட்செட்டுகள், நூறு பேர் தாழ்ந்த குரலில் பேசுகிற இரைச்சல். மேலாளர் கெட்டவர் இல்லை. நேற்று நடந்ததைக் கேட்டதும் எழுந்து வந்து நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஆனால் வேலை என்று வந்ததும் தலையைச் சொறிந்தார்.

"பேச்சு வராத கால் எல்லாத்தையும் ஆளுங்களுக்கு அனுப்பச் சொல்றியாம்மா? அதுல முக்கால்வாசி பாக்கெட்ல இருந்து தானா போற கால். குழந்தைங்க விளையாடறது. அவசர வரிசையில இருக்கறதே கொஞ்சம் பேரு. அவங்க ஹலோ ஹலோன்னு பாக்கெட்டோட பேசிட்டு இருந்தா, நிஜமா கசிவுன்னு சொல்றவங்க காத்துக்கிட்டுக் கிடப்பாங்க."

"தெரியும் சார். பழைய மாதிரி ஆக்கச் சொல்லல. பேசாத கால் எல்லாம் ஒண்ணு இல்லன்னு சொல்றேன்."

"அதை எப்படிப் பிரிப்ப?"

"கேட்டுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். நேரம் குடுங்க."

குரல் கேட்கவில்லை என்று அம்மணி வைத்துவிட்ட அழைப்புகளின் பதிவுகள் இருந்தன. யாரும் அவற்றைக் கேட்டதில்லை. சத்தமே இல்லாததை எதற்குக் கேட்பது? அவள் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். மேலாளர் சொன்னது உண்மைதான். துணி உரசுகிற சத்தம், சாவி குலுங்குகிற சத்தம், பஸ் இரைச்சல், எங்கோ ஒருவன் யாருக்கோ கடன் தர முடியாது என்று வாதாடுவது. பிறகு ஒரு பதிவில் ஒரு கிழவர், "இரும்மா, கண்ணாடியைப் போட்டுக்கறேன்" என்று தூரத்திலிருந்து சொன்னார். அவர் வந்து சேர்வதற்குள் அம்மணி நன்றி சொல்லிவிட்டாள். இன்னொன்றில் யாரோ மூச்சுமுட்ட இருமிக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்றில் போன் மேல் விரலால் தட்டும் சத்தம், நிதானமாக, விடாமல். அந்த எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்திருந்தது, திரும்பத் திரும்ப அதே தட்டல். வேறொன்றில் ஒரு பெண் திக்கினாள். "க, க, க" என்று அவள் முட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மணி உங்கள் குரல் கேட்கவில்லை என்றாள். அதற்கு மேல் அந்தப் பெண் முயலவில்லை. பெருமூச்சு மட்டும் பதிவாகியிருந்தது.

பேசுகிற பெண்களை மேய்க்கிற சூப்பர்வைசருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். ஒரு அழைப்பில் யார் எவ்வளவு நேரம் இழுக்கிறார்கள் என்று கழுகுக்கண்ணால் பார்க்கிறவள். டீ குடிக்க வந்தவளை ரூட்டக்கா பிடித்து உட்காரவைத்து, இன்னொரு ஹெட்செட்டைக் கொடுத்தாள். ஸ்டாப்வாட்ச் திக்குகிற பெண்ணைக் கேட்டாள். தட்டுகிறவரைக் கேட்டாள். டீ ஆறிப்போனது.

"சரி, என் புள்ளைங்ககிட்ட அனுப்பு," என்றாள். "ஆனா பேசாதவங்ககிட்ட என்ன பேசறது?"

"ஆமா, இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேக்கணும். ஆமான்னா ஒரு தடவை எண்ணை அழுத்தச் சொல்லணும், இல்லைன்னா ரெண்டு தடவை. அந்த பீப் சத்தம் காதுல கேக்கும்ல."

"அப்ப நேரம் இழுக்குமே. நேரம் இழுத்தா என் புள்ளைங்களுக்கு மார்க் குறையும். எவளும் அந்தக் காலை எடுக்க மாட்டா." கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல விடு. இந்தக் காலையெல்லாம் நான் நேரக் கணக்குல சேக்கல. மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

புருஷன் சொன்ன லிஃப்ட் பட்டன் அவள் மனதில் கிடந்து உருண்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் புது வழி போட்டாள். குரல் கேட்காவிட்டால் அம்மணி இனி போனை வைக்க மாட்டாள். "உங்களால் பேச முடியாவிட்டால் ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள்" என்பாள். அழுத்தினால், அவசர வரிசைக்குப் பக்கத்திலேயே பேசாதவர் வரிசை என்று ஒன்று. அங்கே ஒரு மனிதர் எடுப்பார். பாக்கெட் தானாக அழுத்தாதா என்று மேலாளர் கேட்டார். அழுத்தும், எப்போதாவது என்றாள் அவள். காத்திருக்கும் நேரத்தையும் கொஞ்சம் நீட்டினாள், கண்ணாடி தேடுகிற கிழவருக்காக.

மேலாளர் ஒரு வாரம் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். "அவசர வரிசையில காத்திருக்கற நேரம் ஏறுச்சுன்னா எடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

ஜனங்களுக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால் அண்ணனை வைத்துப் பார்த்தாள். அவர் வீட்டிலிருந்து கூப்பிட, அவள் மையத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழைப்பு வந்தது, அம்மணி கேட்டாள். ஹாரன் மூச்சு விட்டார். உடனே அம்மணி உற்சாகமாக, "புது இணைப்பு வேண்டும் என்று சொன்னீர்கள். இணைக்கிறேன்," என்று அவரைக் கொண்டுபோய் வேறு வரிசையில் தள்ளினாள்.

ஸ்டாப்வாட்ச் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் வீட்டில் ஹாரன் போனை நீட்டினார். "என் மூச்சுக்கு கேஸ் கனெக்ஷன் வேணுமாம்."

வேடிக்கைதான், ஆனால் அப்படியே விட முடியாது. பேச்சே இல்லாததைப் பேச்சு என்று நினைத்து எங்காவது அனுப்பிவிட்டால், வைத்துவிடுவதைவிட மோசம். தெளிவாகப் புரியாத எதையும் பேசாததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மாற்றினாள். மறுநாள் ஹாரன் இருபது தடவையாவது கூப்பிட்டிருப்பார். ஃபேனைப் போட்டுக்கொண்டு, டிவியை அலறவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பிய குழந்தையைப் பக்கத்தில் பாடவைத்து. மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கட்டை விரலால் அலுக்காமல் அழுத்தினார். ஒவ்வொன்றுக்கும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தங்கைக்கு ஒரு வரி எழுதிவைத்தார். ஷெட்டுக்குப் போவதைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. குழந்தையைக் காலையில் புருஷன் தூக்கிக்கொண்டு போகும்போது மட்டும் அறைக்குள்ளேயே இருந்துகொண்டார்.

திறந்துவிட்ட முதல் நாள் ஒழுங்காகப் போனது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் பேசாதவர் வரிசை வீங்கியது. அவசர வரிசையிலும் ஆட்கள் காத்து நின்றார்கள். மேலாளர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சொன்னேன்ல? எடுத்துரு."

"சார், எதனாலன்னு பாத்துடறேன்."

"பாத்துட்டு இருக்கறப்ப யாராவது வீட்ல கேஸ் வெடிச்சா? எடும்மா."

"எடுக்கறேன் சார். இந்த டீ நேரம் மட்டும் குடுங்க. அதுக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா நானே எடுத்துடறேன்."

அவர் போகவில்லை, பின்னாலேயே நின்றார். அவள் அப்போது வந்த அழைப்புகளை எடுத்துக் கேட்டாள். எல்லாம் தெருவிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் வந்தவை. வாய் இருக்கிறவர்கள்தான், நன்றாகவே பேசினார்கள், ஆனால் இரைச்சலில் அம்மணிக்குப் புரியவில்லை. புரியாததால் எண்ணை அழுத்தச் சொன்னாள், அவர்களும் அழுத்திவிட்டார்கள். அவள் ஒரே ஒரு மாற்றம் செய்தாள். சத்தம் இருந்து பேச்சு புரியாவிட்டால், இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லச் சொல். அப்போதும் புரியாவிட்டால் மட்டும் எண்ணைக் கேள். ஆனால் எண்ணை யாராவது தானாகவே முதலில் அழுத்திவிட்டால் ஒன்றும் கேட்காதே, உடனே அனுப்பு. மாற்றத்தைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வரிசை அசையாமல் நின்றது. பிறகு ஒன்றிரண்டாகக் கரைந்தது. மேலாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அந்த அழைப்பு வந்தது. எடுத்தது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண். காதில் பீப் விழுந்ததும் கையைத் தூக்கினாள். ஸ்டாப்வாட்சும் ரூட்டக்காவும் போய்ப் பின்னால் நின்றார்கள்.

"நீங்க பேச வேண்டாம். ஆமான்னா ஒரு தடவை அழுத்துங்க, இல்லைன்னா ரெண்டு தடவை. உங்க வீட்ல கேஸ் நாத்தம் அடிக்குதா?"

ஒரு பீப்.

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

ஒரு பீப்.

"அவங்களால நடக்க முடியுமா?"

கொஞ்சம் இடைவெளி. இரண்டு பீப்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. "சரிங்க. உங்க அட்ரஸ் எங்ககிட்ட இருக்கு. வண்டி கிளம்பியாச்சு. ஜன்னலைத் திறந்துட்டீங்களா? நல்லது. வால்வை அடைக்கத் தெரியுமா? நான் சொல்றேன், நீங்க அப்படியே செய்யுங்க. லைன்லயே இருக்கேன்."

வண்டி போய்ச் சேர்ந்து, வந்த ஆள் அந்தப் போனை வாங்கி வந்தாச்சு என்று சொல்கிறவரை அவள் லைனை விடவில்லை. வால்வுப் பக்கத்து ரப்பர் குழாய் அறுந்திருந்ததாம். படுக்கையில் ஒரு பாட்டி, பார்த்துக்கொண்டது காது கேளாத, பேச்சும் வராத அவள் மகன் என்று பிறகு தெரிந்தது. அவனுக்கு இவள் சொன்னது ஒன்றும் கேட்டிருக்காது. ஸ்பீக்கரில் பாட்டிதான் கேட்டு அவனுக்குச் சாடை காட்டியிருக்கிறாள், வாய் வராத பாட்டி, விரலால்; எண்ணை அழுத்தியது அவன்.

மேலாளர் அந்தப் பதிவைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். வெளியே வந்து, "சோதனை கீதனை ஒண்ணும் வேணாம், இது இருக்கட்டும்," என்றார். "மத்த லைன்லயும் போட்டுடும்மா. பில் கேக்கறவங்களுக்கும் வாய் வராம இருக்கும்ல."

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் நடந்ததைச் சொன்னாள். புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். கை கழுவிவிட்டு வந்து, தன் போனை எடுத்துக் கம்பெனிக்கு அழுத்தினான். அம்மணி கேட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலையில் நாள் முழுக்கக் கத்துகிற மனிதனுக்கு அது சுலபமாக இல்லை, முகம் சிவந்தது. அம்மணி எண்ணை அழுத்தச் சொன்னாள். அழுத்தினான். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம். நீங்க பேச வேண்டாம். கேஸ் நாத்தம் அடிக்குதா?"

அவன் இரண்டு தடவை அழுத்தினான். பிறகு, "மன்னிச்சுக்கம்மா, சும்மா பாத்தேன். வச்சுடறேன்," என்றான்.

"பேசறீங்களே சார்," என்றாள் அந்தப் பெண்.

ஹாரனின் தோள் குலுங்கியது.

புருஷன் போனை மேசையில் வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு சொன்னான். "மச்சான், அன்னைக்கு நான் அந்த வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது. நீங்க இல்லைன்னா அன்னைக்குப் பாப்பாவைத் தூக்கிட்டு இறங்க ஆளில்லை. அது தெரிஞ்சும் சொன்னேன்."

ஹாரன் இடது கையை நீட்டி அவன் தோளில் வைத்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

காலையில் மழை விட்டிருந்தது. புருஷன் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் குழந்தையைத் தூக்கப் போனவன், தூக்காமல் கன்னத்தில் தட்டினான்.

"இன்னைக்கு அத்தை வீட்டுக்கு வேணாம். ஸ்கூல்லேருந்து மாமா கூட்டிட்டு வருவாரு. மாமா சொல்ற பேச்சைக் கேக்கணும்."

"மாமா பேச மாட்டாரே," என்றது குழந்தை.

"உனக்குத்தான் கேக்குமே."

அவன் இறங்கிப் போனான். ஹாரன் ஒற்றைக் கையால் குழந்தைக்கு ஷூ மாட்டப் பார்த்தார். அது காலை உதைத்தது, அவர் ஒரு விரலை மடக்கினார், அது அடங்கியது. தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பில் லைன் அன்றைக்கே ஆரம்பித்தால்தான் வார முடிவுக்குள் முடியும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, பில் கேட்கிறவரிடம் அம்மணி முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நீளமாக இருந்தது. குறைத்தாள்.